பூ கேட்காமல் அனுப்பிய கடிதங்கள்

அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். ஒரு முறை அல்ல, இரு முறை அல்ல. நான்கு வருடமாகச் சொன்னேன். அதற்கென்று கணினியில் ஒரு பொத்தான் வைத்துச் சொன்னேன். அந்தப் பொத்தானை வைத்தவளும் நானே!

யாரும் என் கையைப் பிடித்து இழுத்துச் செய்ய வைக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதினால் பழியை வேறு யார் தலையிலாவது வைக்கப் பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

மகளுக்கு வரன் தேடி அலைந்தவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கும் என் கடிதம் வந்திருக்கக்கூடும். "பூ கேட்டோம், அம்மன் உத்தரவு தரவில்லை" என்று. நீங்களும் பெருமூச்சு விட்டு, அவள் சித்தம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு உத்தரவு தராதது அம்மன் அல்ல... என் வலது கை ஆள்காட்டி விரல்!

கணபதி என்கிற பகுதியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் திருமணத் தகவல் மையம். நான் பத்தாவதோடு நின்றவள். தட்டச்சு தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். என் கணவர் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை விரதம் தவறியதில்லை. மார்கழியில் விடியுமுன் குளித்துக் கோயிலுக்குப் போகாத நாளில்லை. அலுவலகத்தில் கணினிக்குக்கூடத் தினமும் காலையில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துத்தான் அதைத் திறப்பேன்.

பொட்டு வைத்த கணினியில்தான் இதைச் செய்தேன். இதை நினைத்தால் எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது!

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சம்பந்தம் பேசினால், ஜாதகம் பொருந்தினாலும் அதோடு முடிந்துவிடாது. கோயிலுக்குப் போய்ப் பூ கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து, ஒரே மாதிரிப் பொட்டலமாக்கி, அம்மன் காலடியில் வைப்போம். மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேண்டாமென்று சொன்னது மனிதர் இல்லையே!

அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் போனில் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். என்ன மரியாதை! எத்தனை 'ங்க'!

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? அந்தப் பொண்ணு கொணமெல்லாம் நெம்பத் தங்கமுங்க. கொஞ்சம் நெறந்தானுங்க மட்டு. நாங்க சொன்னோம்னு சொல்லிப்போடாதீங்க, மனசு நொந்துக்குவாங்க. நீங்களே ஏதாச்சும் பக்குவமாச் சொல்லிப்போடுங்க."

மனசு நொந்துவிடக் கூடாதாம்! பெண்ணை மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறமாதிரி பார்த்துவிட்டு வந்த வாய் அது. அவள் கையால் காபி வாங்கிக் குடித்த வாய்! சொல்ல வேண்டியதைச் சொல்லத் துணிவில்லை. அந்த அழுக்கை என் கையில் கொடுத்துத் துவைத்துத் தரச் சொல்கிற மரியாதை. தேன் தடவிய மரியாதை... எனக்கு இப்போது அந்தக் குரல்களைக் கேட்டாலே வயிறு எரிகிறது.

ஆனாலும் முன்பெல்லாம் நான் விடமாட்டேன். "காரணம் சொல்லுங்க" என்று கேட்டு, ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பேன். சரிசெய்யக்கூடிய காரணமாக இருந்தால் பெண் வீட்டாரிடம் எடுத்துச் சொல்வேன். ஒரு பெண் கல்யாணத்துக்குப் பின் வேலைக்குப் போகமாட்டாள் என்று யாரோ கிளப்பிவிட்டதால் தட்டிப்போன இடம் ஒன்று, நான் கேட்டுச் சொன்னதால் கூடிவந்தது. பத்திரிகை வைத்தார்கள். அந்த நோட்டுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது!

அப்புறம் ஒருநாள் ஒரு வீட்டார் மெய்யாகவே பூ கேட்டார்கள். சிவப்பு வந்தது. அதை அப்படியே எழுதிப் பெண் வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வழக்கமாக 'வேண்டாம்' என்று கடிதம் போனால் அடுத்த அரைமணியில் போனில் சண்டை வரும். அன்று வரவில்லை. "அம்மன் சித்தம்ங்க, நீங்க சிரமப்பட்டதுக்கு நன்றிங்க" என்று பதில் வந்தது.

எங்கள் முதலாளி சென்னியப்பண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பார்த்தீங்களா அம்மணி! இதையே எல்லாத்துக்கும் அனுப்பிப்போட்டா நமக்கு ஒரு ரோதனையும் இல்ல. அம்மங்கிட்டப் போயி ஆரு சண்டை போடுவாங்க?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார். மறுபடி ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தை மாதிரிக் கடிதமாகச் சேமித்தேன். பெண்ணின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ளே போய் அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஏழெட்டுத் தட்டல். அது எனக்குச் சலிப்பாக இருந்தது! பொய் சொல்ல ஏழெட்டுத் தட்டல் அதிகமாம் எனக்கு!

யூடியூபில் ஒரு காணொளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மின்னஞ்சல் பக்கத்தின் மேலே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் இருக்குமே, அந்த வரிசையில் நாமாக ஒரு பொத்தானைச் சேர்க்கலாம். தட்டினால் மாதிரிக் கடிதம் தானே திறந்துகொள்ளும். அதற்கு நான்கைந்து வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அர்த்தம் தெரியாது. மந்திரத்தை எழுத்துப் பிசகாமல் சொல்வதுபோல, திரையை நிறுத்தி நிறுத்தி ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். இரண்டு நாள் தப்பு தப்பாக வந்தது. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, கடிதம் திறந்தது.

பொத்தானுக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பூ இல்லை. நட்சத்திரம்போல ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். பெயர் கேட்டது. 'பூ' என்று வைத்தேன்.

எனக்கு அன்று எவ்வளவு பெருமை தெரியுமா! பத்தாவது படித்தவள் நான்! வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். அவரும், "பரவால்லையே, கெட்டிக்காரிதான்" என்றார். என்ன கடிதம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை... ஏன் சொல்லவில்லை? அன்றே எனக்குத் தெரிந்திருக்கிறது அல்லவா? தெரிந்துதானே மறைத்தேன்!

பொத்தான் வந்த பிறகு காரணம் கேட்பதை நிறுத்திவிட்டேன். "வேண்டாமுங்க" என்று அவர்கள் இழுக்கும்போதே என் விரல் தட்டிவிடும். "சரிங்க, நான் சொல்லிக்கறேனுங்க." அவ்வளவுதான். நோட்டை அலமாரிக்கு மேலே போட்டேன்.

அந்த நோட்டு திறந்திருந்தால் கோகிலா தப்பித்திருப்பாள்.

கோகிலா கருமத்தம்பட்டிப் பெண். அப்பா நாச்சிமுத்துவுக்குச் சொந்தத்தில் சின்னதாக ஒரு தறிக்கூடம். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று வருடத்துக்கு முன் அவர்தான் கையால் எழுதிய விவரத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். பெண்ணுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அடக்கமான முகம், நல்ல ஜாதகம். நானே மனதுக்குள் சொன்னேன், ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று.

முடியவில்லை. ஒவ்வோர் இடமாகத் தட்டிப்போனது. நான் ஒவ்வொன்றுக்கும் பூப் பொத்தானைத் தட்டினேன்.

இடையில் ஒருநாள் நாச்சிமுத்து ஐயா போனில் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, நாப்பத்தஞ்சு வயசுக்காரர் ஒருத்தர், பொண்டாட்டி செத்துப்போனவருங்க, நேரா ஊட்டுக்கே வந்துபோட்டாருங்க. ரெண்டாந்தாரமாக் கேக்கறாருங்க. என்ற புள்ளையப் பார்த்தா அப்பிடியாங்க தெரியுது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வயசு ஏறுதுல்லைங்கய்யா... அப்பிடியும் வரத்தான் செய்யும். நாமதான் சித்த அனுசரிச்சுப் போகோணுங்க."

 அவர் "சரிங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த வாயை இன்று கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது! அந்த மனிதர் ஏன் அவளைத் தேடி வந்தார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்... அவள் பக்கத்தைத் திறந்து ஒரு தரம் பார்த்திருந்தால்... பார்க்கவில்லை. தட்டினால் வேலை முடிகிறது. பார்ப்பானேன்?

போன மாதம் நாச்சிமுத்து ஐயா அலுவலகத்துக்கே வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கவே நேரமாயிற்று. மையத்தில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன்.

"பேரை எடுத்துப்போடுங்க அம்மணி," என்றார்.

"ஏனுங்கய்யா?"

"பதினாலு எடமுங்க. பதினாலு பேருக்கும் அம்மன் பூ குடுக்கலைங்க. அதுக்கு மேல நாம என்னத்துக்குங்க மல்லுக்கட்டறது? என்ற ஊட்டுக்காரி ரெண்டு வருசமாச் செருப்புப் போடறதில்லீங்க. புள்ளைக்குப் பூ வர்ற வரைக்கும் போடமாட்டேன்னு வேண்டுதல். காலெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குதுங்க. என்ன பாவம் செஞ்சோம்னு தெரீல."

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"மெயிலெல்லாம் நீங்களே பார்ப்பீங்களாய்யா?"

"எனக்கெங்கீங்க அதெல்லாம்! கோகிலாதான் பார்க்கும். ராத்திரிச் சோத்துக்கு உக்காரும்போது, 'அப்பா, இந்த எடத்துக்கும் பூ வரலையாம்'னு அதே படிச்சுச் சொல்லும். சிரிச்சுக்கிட்டேதானுங்க சொல்லும்."

கேட்டீர்களா? அப்பாவின் முகவரி என்று நினைத்து நான் அனுப்பியதெல்லாம் அவளுக்கே போயிருக்கிறது. அவளை வேண்டாமென்ற பதினான்கு கடிதத்தையும் அவளே படித்து, அவளே பெற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே!

பெயரை எடுப்பதற்காக அவள் பக்கத்தைத் திறந்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

திருமண நிலை: மறுமணம்.

அவர் கொண்டுவந்த தாளில் 'முதல் மணம்' என்றுதான் இருந்தது. அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது. எப்படி நடந்தது என்பதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் 'முதல் மணம்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு மவுஸின் சக்கரத்தை உருட்டினால், பக்கம் நகராது. தேர்ந்தெடுத்ததே ஒரு வரி கீழே இறங்கிவிடும். அடுத்த வரி 'மறுமணம்'. இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தட்டச்சு செய்த தாளைப் பெண் வீட்டாரிடம் காட்டிச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். கோகிலாவுக்கு அதைச் செய்யவில்லை. ஆடி முடிந்து கூட்டம் அலைமோதிய நேரம். பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

பதினான்கு வீட்டாரும் நான் தட்டச்சு செய்த தாளைத்தான் பார்த்தார்கள். மணமாகி உறவை அறுத்துக்கொண்டு வந்தவள் என்று எண்ணி ஒதுக்கினார்கள். பதினான்கு பேரில் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், "காரணம் என்னங்க?" என்று நான் கேட்டிருந்தால் அன்றே வெளிவந்திருக்கும்!

எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். திரை என் பக்கம் திரும்பியிருந்தது. சொல்லியிருக்கலாம். அவர் அடிக்கிற மனிதர் அல்ல. ஒருவேளை அழுதிருப்பார். அழட்டுமே! அது அவருடைய அழுகை அல்லவா? அதைக்கூட அவருக்குக் கொடுக்காமல் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மவுஸின் சக்கரத்தை ஒரு வரி மேலே உருட்டினேன். 'முதல் மணம்' ஆயிற்று. சேமித்தேன்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமுங்கய்யா, பேரை எடுக்க வேண்டாம்," என்றேன். எவ்வளவு கனிவாகச் சொன்னேன் தெரியுமா! போனில் பேசுகிறவர்களின் அதே குரல்... அதே தேன்... என் வாயிலும்!

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க நல்லா இருக்கோணும் அம்மணி. நீங்க சாமி கும்பிடறவங்க, நெத்தியப் பார்த்தாலே தெரியுது. எங்களுக்குத்தான் அவ கண்ணத் தொறக்க மாட்டேங்கறா. எங்களுக்காக நீங்க ஒருக்காப் பூ கேட்டுப் பாருங்க. உங்களுக்குக் குடுப்பா."

"கேக்கறேனுங்கய்யா," என்றேன்.

"அப்ப நான் போயிட்டு வாரனுங்க." கும்பிட்டுவிட்டு இறங்கினார். என்னைக் கும்பிட்டுவிட்டு!

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று மடித்து வைத்தேன். "மனசுல நெனைச்சுக்கிட்டு எடுங்கம்மணி," என்றார் பூசாரி. என்ன நினைப்பது? கோகிலாவுக்குக் கல்யாணம் நடக்குமா என்றா? அவள் கல்யாணத்தைத் தடுத்தது அம்மனா, அம்மனிடம் கேட்க! நான் சொல்லட்டுமா என்றா? உண்மையைச் சொல்லவும் உத்தரவு வேண்டுமா எனக்கு?

கை நீளவில்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "ஏனுங்க, இப்பிடி வேர்த்துக் கொட்டுது?" என்றார் பூசாரி. இரண்டு பொட்டலத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

என் மகளுக்கும் அடுத்த வருடம் வரன் பார்க்கத் தொடங்க வேண்டும். அவளுக்காக இனி எந்த முகத்தோடு பூ கேட்பேன்? வெள்ளை வந்தால்தான் நம்புவேனா, சிவப்பு வந்தால்தான் நம்புவேனா? இருந்த ஒரே வாசலையும் என் கையாலேயே பூட்டிக்கொண்டேன். பூட்டியே கிடக்கட்டும். எனக்கு வேண்டும் இது!

பத்து நாளைக்கு முன் கோகிலாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"அக்கா, நான் கோகிலா. எனக்காக நீங்க பூ கேட்கப் போறீங்கன்னு அப்பா சொன்னார். வேண்டாம்க்கா. ஒருநாள் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு எங்க சம்மதத்தைக் காலையில அனுப்பினேன். பூ வரலைன்னு கால் மணி நேரத்துல உங்க கடிதம் வந்துச்சு. கால் மணி நேரத்துல எந்தக் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டாங்க? அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பா அம்மாகிட்டச் சொல்லலை. அம்மா அம்மனை நம்பித்தான் அந்தக் காலோட நடக்கறாங்க. பொய்க்காக நடந்தோம்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க. எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு வருத்தம் இல்லக்கா. காரணம் மட்டும் தெரியணும். நிறமா? பல்லா? எங்க ஊடு சின்னதுங்கறதா? தினமும் கண்ணாடி முன்னால நின்னு எதுவா இருக்கும்னு தேடறேன். பதினாலு பேருக்கும் பிடிக்காதது என்கிட்ட என்ன இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு அப்பா சொல்றார்."

உன்னிடம் ஒன்றும் இல்லை, தாயே! உன் நிறத்திலும் இல்லை, பல்லிலும் இல்லை. என் விரலில் இருந்தது... இதை எழுதவேண்டியதுதானே? ஒரு வரிதானே?

பதில் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள கோகிலா' என்று அடித்தேன். அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் கையைத் தூக்கினேன். பழகிய விரல் தானாகப் போய் மேலே இருந்த நட்சத்திரத்தைத் தட்டியது. கடிதம் திறந்துகொண்டது. "வணக்கம். தங்கள் மகளுக்காக அம்மன் சந்நிதியில் பூ கேட்டதில் உத்தரவு கிடைக்கவில்லை. விரைவில் நல்ல இடம் அமைய அம்மனை வேண்டுகிறோம்."

இரண்டையும் மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை. சென்னியப்பண்ணன் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடுவார். கணவர் ஒரு வாரம் பேசமாட்டார். அதெல்லாம் தாங்கலாம். 'நீங்க சாமி கும்பிடறவங்க' என்று சொல்லிக் கும்பிட்ட கை இருக்கிறதே, அது இறங்கிவிடுமே என்ற பயம்! என் நெற்றிக்கு இருக்கும் மதிப்பு போய்விடும் என்ற பயம்! தூ! அந்த மதிப்புக்காக ஒரு பெண்ணைக் கண்ணாடி முன் நிற்க வைத்திருக்கிறேன்.

பொத்தானை எடுத்துவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. எடுத்தால் ஒவ்வொரு வீட்டாரிடமும் மறுபடி காரணம் கேட்க வேண்டும். கேட்டால் அவர்கள் சொல்லும் அசிங்கத்தைக் கேட்க வேண்டும். நேற்று மூன்று முறை தட்டினேன். இன்று காலை இரண்டு.

கோகிலா கேட்டது ஒரு வரி. உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதிவிட்டேன், முகம் தெரியாத உங்களுக்கு. அவளுக்கு அந்த ஒரு வரியை இன்னும் எழுதவில்லை.

வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. கருமத்தம்பட்டித் தார் ரோட்டில், என்ன பாவம் செய்தோம் என்று யோசித்தபடி, ஒரு தாய் செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்துகொண்டிருப்பாள்.